புதுப்பிப்பு: அந்தப் பழைய கைப்பம்பு டெஸ்டர்

பாரிமுனையில் ஒரு பழைய வாட்ச் கடையைக் காலி செய்தபோது, வாட்சுக்குள் தண்ணீர் புகுமா என்று பார்க்கும், 6 பார் (அழுத்த அளவு) வரை காட்டும் கைப்பம்பு டெஸ்டர் ஒன்றை வாங்கி, அதை நம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அக்ரிலிக் உருளையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. இருந்தது. அம்பத்தூர் கடைசல் பட்டறையில் புது உருளை செய்து, ரப்பர் வளையங்களையும் மாற்றினேன். முதல் சோதனை வாட்ச் இல்லாமல், முழுக்கத் தண்ணீர் நிரப்பி. காற்றோடு வெடித்தால் சில்லு பறக்கும். தண்ணீரென்றால் பெரும்பாலும் ஒழுகுவதோடு சரி.

அப்புறம் பாதித் தண்ணீர். சீக்கோ 6309 வாட்சை மேலே தொங்கவிட்டு, 3 பார் ஏற்றி, கொஞ்ச நேரம் விட்டு, தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தை மெல்லக் குறைத்தேன். வாட்சுக்குள் காற்று புகுந்திருந்தால் அப்போது குமிழியாக வெளியே வரும். பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்) இடுக்கில் வந்த குமிழிகள் உடனே நின்றன; அது வெளியே சிக்கிய காற்று. கிரவுனிலிருந்துதான் (நேரம் திருப்பும் குமிழ்) சரம் சரமாக வந்துகொண்டே இருந்தது. அழுத்தம் முழுக்க இறங்குமுன் வாட்சைத் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போய்விடும். கிரவுன் கேஸ்கெட்டை (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியதும் ஒரு குமிழி இல்லை.

ஆனால் டைவிங் வாட்சில் போட்டிருக்கும் 150 மீட்டர் என்றால் 15 பார். இந்த டெஸ்டர் அதற்குச் சாட்சி சொல்லாது. பாண்டிச்சேரியில் டைவ் போகப்போவதாக இங்கே சொன்ன தம்பி, உன் வாட்சை நீர் அழுத்த மெஷின் வைத்திருப்பவரிடம் தனியாகக் காட்டிக்கொள்.