மறுமொழி: புற்றரைக்குள் (வீட்டில் வளர்க்கும் புல்தரைக்குள்) நுழையும் வேற்றுப் புல்லுக்கு ஒரு சொல்

> வேண்டாத புல்லையும் 'களை' என்றாலே போதாதா? தனிச்சொல் எதற்கு?

குழுவினருக்கு வணக்கம்.

போதாது, ஐயா. என் வீட்டு முற்றத்தில் கொரியன் புல் பதித்த மறு ஆண்டே ஓரத்திலிருந்து அருகு, அதாவது அருகம்புல், நுழைந்துவிட்டது. கடையில் களைக்கொல்லி கேட்டேன், 2,4-டி கொடுத்தார்கள். அது அகன்ற இலைக் களைகளுக்கானது. அருகு அசையவே இல்லை. வகை பாராமல் கொல்லும் கிளைபோசேட் மருந்தைத் தெளித்திருந்தால் இரண்டு புல்லும் சேர்ந்தே மடிந்திருக்கும். புல்லுக்குள் புல் புகுந்த சிக்கலைக் 'களை' என்ற பொதுச்சொல் காட்டுவதில்லை.

அருகையே விரும்பி வளர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் தரையில் கொரியன் புல் தலைகாட்டினால் அதுதான் வேண்டாதது. ஆகவே சொல் புல்லின் குணத்தைச் சுட்டாமல் அது நிற்கும் இடத்தைச் சுட்ட வேண்டும். 'அயற்புல்' என்று முன்மொழிகிறேன்.

'ஊடுபுல்' ஒலிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊடுபயிர் உழவர் தாமே விதைப்பது. அந்தப் பொருள் இதிலும் ஏறிவிடும். 'வந்தேறிப்புல்' வேண்டவே வேண்டாம். மனிதர்மீது வசையாக எறியப்படும் சொல் அது.

'புல்வெளி' மலைச்சரிவின் இயற்கைப் புல்நிலத்தையும் குறிக்கிறது. வீட்டுப் புல்தரைக்கு இலங்கைத் தமிழர் எழுதும் 'புற்றரை' இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்வோம்.

கோரையை அயற்புல்லில் சேர்க்க வேண்டாம். அதன் பூந்தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். அது புல் குடும்பமே அல்ல. வேளாண் நூல்களும் கோரை வகைக் களை என்று பிரித்தே எழுதுகின்றன.

அருகைப் பற்றி எழுதும்போது 'ஓடுதண்டு', 'மட்டநிலத்தண்டு' இரண்டையும் கலக்காமல் ஆள வேண்டும். மேலே படரும் ஓடுதண்டை வாரி எடுத்துவிடலாம். மண்ணுக்குள் போகும் மட்டநிலத்தண்டைத் தோண்டத்தான் வேண்டும். நான் தோண்டியபோது வெளுத்த தண்டு, கணுவுக்குக் கணு செதில் போர்த்திக் கிடந்தது. கணுவோடு ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி தளிர்க்கிறது.

கோடையில் நனைத்த மண்மீது ஒளிபுகும் பாலித்தீன் தாளை விரித்து, சில வாரம் வெயிலில் வேகவிடும் முறைக்கு 'வெயில் மூட்டம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். 'மூட்டம்' மேகத்தை நினைவூட்டுவதால் மனம் ஒப்பவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்