நிற்கும் பசுவின் கால்சியம் இறக்கம்: ‘குறைபாடா’, ‘தாழ்வா’?

ஈன்ற பசுவின் ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கும், ஆனால் பசு எழுந்து நிற்கும், தீவனமும் தின்னும். இந்த நிலைக்கு (ஆங்கிலத்தில் subclinical hypocalcemia) கையேட்டில் ‘துணைநிலைக் கால்சியக் குறைபாடு’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துகிறதா?

---

‘குறைபாடு’ வேண்டாம் ஐயா. அந்தச் சொல்லைப் பார்த்தவர் தீவனத்தில்தான் சத்து போதவில்லை என்று எண்ணி, சினையின் கடைசி மாதத்தில் கால்சியத்தை அள்ளிப் போடுவார். கெடுதலே அங்குதான். தீவனத்தில் தாராளமாகக் கிடைத்தால், ரத்தக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பி சோம்பிவிடும். ஈன்ற பிறகு அது விழித்து எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்க இரண்டு மூன்று நாளாகும். மடி அதுவரை பொறுக்காது. ரத்த நீரில் இருப்பதே 3 கிராம் அளவுதான்; 10 லிட்டர் சீம்பாலுக்குச் சுமார் 20 கிராம் வேண்டும். எலும்பிலோ கிலோக்கணக்கில் கிடக்கிறது. கையிருப்பு குறையவில்லை, ரத்த மட்டம்தான் தாழ்ந்திருக்கிறது. ஆகவே ‘தாழ்வு’.

‘துணைநிலை’யைக் கேட்டால் துணைத்தலைவர்தான் நினைவுக்கு வருகிறார். ‘மறைநிலைக் கால்சியத் தாழ்வு’ என்று வைக்கலாம்.

---

‘மறைநிலை’ நன்று. வரையறையையும் சேர்த்துவிடுங்கள்: 100 மில்லி ரத்த நீரில் 8.5 மில்லிகிராமுக்குக் கீழ், பசு நிற்கும் நிலையில். ஏறத்தாழ 5.5-க்கும் கீழே போனால் படுத்துவிடும். அது பால் காய்ச்சல். (உடல் சூடு இறங்கிக் காது சில்லிடும் நோய்க்குக் காய்ச்சல் என்று பெயர்! ஊன்றிவிட்ட வழக்கு, இருக்கட்டும்.) ‘சுண்ணாம்புச்சத்து’ மட்டும் வேண்டவே வேண்டாம், யாராவது சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடுவார்கள்.

கையேட்டின் சிகிச்சைப் பத்தியையும் திருத்த வேண்டும். நிற்கும் பசுவுக்கு வாய்வழிக் கால்சிய உருளைதான்: ஈன்றதும் ஒன்று, 12 மணி நேரம் கழித்து ஒன்று, ஒவ்வொன்றிலும் 40 கிராமுக்குக் குறையாத கால்சியம். படுத்த பசுவுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அதற்குச் சிரைவழி: 500 மில்லி கால்சியம் போரோகுளுக்கோனேட் கரைசல், உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, 10 முதல் 20 நிமிடம், இதயத் துடிப்பைக் கேட்டபடியே. துடிப்பு தப்பினால் உடனே நிறுத்த வேண்டும். விரைந்து ஏற்றினால் இதயமே நின்றுவிடும்.

நிற்கும் பசுவுக்கும் சிரையில் ஏற்றினால் மட்டம் எகிறி, சுரப்பி அடங்கி, ஒரு நாளுக்குள் மறுபடி இறங்கும். இதற்கு ‘மீள்தாழ்வு’ எனலாமா?

---

தாழ்விலிருந்து மீண்டது என்றும் படிக்க இடமுண்டே. ‘மறுதாழ்வு’ போடுங்கள். மறுதாம்பு, மறுகால் என்று உழவர் நாவில் ‘மறு’ ஏற்கெனவே இருக்கிறது.