பிள்ளைகள் குறைந்த அரசுப் பள்ளிகளை அறக்கட்டளைகளிடம் ஒப்படைக்கலாமா?

நொய்யல்வாசி:
2025 ஜனவரியில், 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுக்கப் போவதாகச் செய்தி கிளம்பியதையும், ‘தாரைவார்ப்பு’ என்று கண்டனங்கள் எழுந்ததையும், அப்போது பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த அன்பில் மகேஸ் அதை மறுத்ததையும் இங்குள்ள பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். மறுப்பு வந்ததோடு பேச்சும் நின்றுவிட்டது. நான் அந்தப் பேச்சைத் தொடர விரும்புகிறேன். இருபது பிள்ளைகளுக்கும் குறைவாக உள்ள தொடக்கப் பள்ளிகளில் நிலமும் கட்டடமும் அரசிடமே இருக்கட்டும். நிர்வாகத்தை ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்து, சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று அரசு பணம் தரட்டும். பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நிர்வாகம் தனியாரிடமும் ஊதியம் அரசிடமும் இருக்கும் உதவி பெறும் பள்ளிகள் நமக்குப் புதியவை அல்ல; உதவி மானிய முறை ஆங்கிலேயர் ஆட்சியில் 1854 இல் வந்த உட் கல்வி அறிக்கையிலிருந்தே வருவது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தனியார் பள்ளிகளுக்கு அரசு இன்றும் பணம் கட்டுகிறது. பிறகு எதற்கு இந்தப் பதற்றம்?

ஈராசிரியர்:
முப்பத்தோரு ஆண்டுகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருபதுக்குக் கீழே பிள்ளைகள் எப்படிக் குறைந்தார்கள் என்று கேட்காமலே நீங்கள் மருந்து எழுதுகிறீர்கள். நான் கடைசியாக இருந்த ஊரில் பிள்ளைகள் ஐந்து வயதில் எங்கள் பள்ளியை வேண்டாம் என்று போகவில்லை. மூன்றரை வயதிலேயே, நாங்கள் சேர்க்கக் கேட்பதற்கு முன்பே, போய்விட்டார்கள். மெட்ரிக் பள்ளியின் வேன் எல்.கே.ஜி.க்கு வந்து வாசலில் நிற்கும். எங்களிடம் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் உண்டு. 25 விழுக்காட்டுச் சேர்க்கையும் எல்.கே.ஜி.யிலேயே தொடங்குவதால், ஒன்றாம் வகுப்பில் எங்களிடம் வந்திருக்க வேண்டிய ஏழைப் பிள்ளையை அரசே தன் பணத்தில் அந்த வேனில் ஏற்றி அனுப்புகிறது. இரண்டு ஆண்டுகள் அங்கே படித்துப் பழகிய பிள்ளையை எந்தத் தாய் திரும்ப அழைத்து வருவாள்? அதன் பிறகு பிள்ளைகள் குறைவு என்று பணி நிரவல் என்ற பெயரில் ஓர் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். ஐந்து வகுப்புக்கு ஒருவர் மிஞ்சுவார். அவரும் பாதி நாள் எமிஸ் என்னும் இணையப் பள்ளித் தகவல் பதிவிலும் வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் இருப்பார். இப்படித்தான் ஒரு பள்ளி இருபதுக்கு வருகிறது.

நொய்யல்வாசி:
ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன், ஆனால் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. பெற்றோர் மூன்றரை வயதில் பள்ளி தேடுகிறார்கள் என்பது அரசுக்குத் தெரியாதா? 2019 இல் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கினார்கள். 2022 ஜூனில் அவற்றை நிறுத்தப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு தடுமாற்றம். ஓர் அறக்கட்டளையாக இருந்திருந்தால் அடுத்த கல்வியாண்டிலேயே ஒரு மழலையர் ஆசிரியையை அமர்த்தியிருக்கும்.

குலுக்கலில் வென்றவன்:
இருவரும் பேசும் அந்த ஒதுக்கீட்டில் என் மூத்த மகளுக்கு இடம் கிடைத்தது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்று எல்லாம் காட்டி, குலுக்கலில் பெயர் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். கல்விக் கட்டணம் மட்டும்தான் இலவசம் என்பது பிறகுதான் புரிந்தது. புத்தகம், சீருடை, வேன் எல்லாம் எங்கள் செலவு. எட்டாம் வகுப்போடு சலுகையும் முடிந்துவிடும் என்பதால் ஒன்பதில் என்ன செய்வது என்று இப்போதே கணக்குப் போடுகிறோம். இளையவனுக்கு 2025 இல் விண்ணப்பிக்கக் காத்திருந்தபோது, பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று மத்திய அரசு, இந்த ஒதுக்கீட்டுக்கும் பணம் வரும் சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்தி வைத்திருந்தது. வழக்கமாகக் கோடையில் நடக்கும் சேர்க்கை அக்டோபருக்குப் போயிற்று. அதுவரை காத்திருக்க முடியாமல் அவனை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அவனுக்குக் காலை உணவு கிடைக்கிறது, அக்காவுக்கு இல்லை. நான் எந்தக் கட்சியும் அல்லன். ஆனால் நிர்வாகத்தைத் தனியாரிடம் கொடுத்தால் அரசியல் தொந்தரவு தீரும் என்று நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் அரசிடமிருந்து வரும்வரை அந்தச் சண்டை பள்ளிக்குள் வரத்தான் செய்யும்.

ஈராசிரியர்:
உதவி பெறும் பள்ளிகளை முன்மாதிரியாகக் காட்டினீர்கள். அவற்றில் நல்ல பள்ளிகள் உண்டு, நானே ஒன்றில் படித்தவன். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் வெந்து மாண்டது, ஓலைக் கூரைக்குக் கீழே நடந்த உதவி பெறும் பள்ளியில்தான். கர்நாடகம் 2019 இல், அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இந்த ஒதுக்கீடு கிடையாது என்று விதியைத் திருத்தியது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நாமும் முதலில் அதைச் செய்து, மிஞ்சும் பணத்தில் எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் மழலையர் வகுப்பு தொடங்கலாம்.

நொய்யல்வாசி:
அதே திருத்தத்தை 2024 இல் மகாராட்டிரம் கொண்டுவந்தபோது பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வசதியுள்ளவர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம், இல்லாதவர் அருகிலுள்ளதில் சேர வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கும்பகோணத்தைப் பொறுத்தவரை, அந்தக் கூரையைக் கண்டும் அங்கீகாரத்தைத் தொடர விட்டது அரசு அதிகாரம்தானே? ஆய்வு செய்யத் தெரியாத அரசு நேரடியாக நடத்தினால் மட்டும் எப்படிச் செம்மையாகும்?

ஈராசிரியர்:
ஆய்வு செய்யத் தெரியாத அரசிடம் இன்னும் பல அறக்கட்டளைகளைக் கண்காணிக்கச் சொல்வது எப்படி என்றுதான் நானும் கேட்கிறேன். அதை விடுங்கள், கணக்குக்கு வருவோம். தலைக்கு இவ்வளவு என்று பணம் தருவது உங்கள் திட்டம். அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்பது சட்டம். எட்டுப் பிள்ளைகள் இருந்தாலும் இரண்டு பேர்தான். எட்டுப் பேருக்கான தலைக்கணக்கில் இரண்டு பேரின் சம்பளம் வருமா? வராது. ஆகவே உங்கள் அறக்கட்டளை தார்ச்சாலை ஓரத்தில் இருக்கும், இருபதிலிருந்து நூறாக வளரக்கூடிய பள்ளிகளை மட்டும் கேட்டு வாங்கும். மலையடிவாரத்தில் எட்டுப் பிள்ளைகளோடு இருக்கும் பள்ளியை யார் கேட்பார்கள்?

நொய்யல்வாசி:
இதற்கு என்னிடம் உடனே விடை இல்லை. தலைக்கணக்கோடு, பிள்ளைகள் எத்தனை பேரானாலும் இரண்டு ஆசிரியர் ஊதியத்தை அடிப்படையாகத் தர வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன். அப்படித் தந்தால் அது ஏறக்குறைய இன்றைய உதவி பெறும் பள்ளியாகிவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். மழலையர் வகுப்பைத் தாமதமின்றித் தொடங்கும் உரிமையை யாரிடம் கொடுப்பது என்பதில் மட்டும் நான் இன்னும் உங்களோடு உடன்படவில்லை.

ஈராசிரியர்:
பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுங்கள். அதில் பாதிக்கு மேல் பெற்றோர்தான்.