ஆவணப்பட எடிட்டிங் அனுபவங்கள்: பேட்டியில் வாக்கியத்தின் வாலை வெட்டாதீர்கள்

வெட்டுமேசை:
80 மணி நேர ஃபுட்டேஜ் (படம்பிடித்த மூலப் பதிவு) வந்தால் முழுவதையும் பார்க்கத்தான் வேண்டுமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். முழுவதையும் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கவனம் நிற்காது, ஆகவே பார்க்க மட்டும் 14 வேலை நாள் போகும். சம்பளம் பேசும்போதே இந்த நாட்களைச் சேர்த்துப் பேசிவிடுங்கள், பின்னால் கேட்டால் கிடைக்காது.

பார்க்கும்போது வெட்டாதீர்கள். டைம்கோடு (பதிவில் அந்த இடத்தின் நேர எண்), பேசுகிறவர், ஒரு வரிக் குறிப்பு போதும். சிரிப்பு வந்த இடம், தொண்டை அடைத்த இடம், ஒன்றும் புரியாத இடம் மூன்றுக்கும் எடிட்டிங் மென்பொருளில் தனித்தனி நிறத்தில் மார்க்கர் (அடையாளக் குறி) போடுங்கள். பத்தாவது தடவை பார்க்கும்போது அந்த உணர்ச்சி வராது, மார்க்கர்தான் சாட்சி. ஜிகா வெர்தோவின் 1929 ஆவணப்படத்தில், அவர் மனைவியும் எடிட்டருமான எலிசவேத்தா ஸ்விலோவா ஃபிலிம் துண்டுகளைப் பிரித்து அடுக்குவதே ஒரு காட்சியாக வரும். நம் வேலையில் பாதி இன்றைக்கும் அந்த அடுக்குதல்தான்.

கார்டு காப்பி:
ஃபுட்டேஜைப் பார்ப்பதற்கு முந்தைய படியைச் சொல்கிறேன். கேமராவின் மெமரி கார்டிலிருந்து வீடியோ ஃபைலை மட்டும் இழுத்துப் போடாதீர்கள். ஃபோல்டர் அமைப்பு கலையாமல் முழுக் கார்டையும் காப்பி எடுங்கள். பல கேமராக்கள் நீண்ட பேட்டியை 4 ஜிபி துண்டுகளாகப் பிரித்து எழுதும், அவற்றை ஒட்டவைக்கும் தகவல் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும். காப்பி முடிந்ததும் செக்சம் (மூலமும் நகலும் ஒன்றுதானா என்று காட்டும் எண்) சரிபார்க்க வேண்டும். இரண்டு டிஸ்க்கில் காப்பி இருந்து, ஒன்று வேறு கட்டடத்துக்குப் போன பிறகுதான் கார்டை அழிக்கலாம்.

எடிட்டிங்குக்காகச் செய்துகொள்ளும் சிறிய நகல்தான் ப்ராக்ஸி; எச்டி, விநாடிக்கு 25 ஃப்ரேமில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி மணிக்குச் சுமார் 17 ஜிபி. 80 மணி நேரத்துக்குச் சுமார் 1,360 ஜிபி வரும், 2 டிபி டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் எடுத்தது வந்தால் முதலில் மாறாத 25 ஃப்ரேமுக்கு மாற்றிவிடுங்கள். போன் ஃப்ரேம் வேகத்தை இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே பதியும். தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தியிருக்கும், 20 நிமிடம் தாண்டினால் விலகி நிற்கும்.

பேட்டி மேசை:
தமிழ்ப் பேட்டியில் பெரிய ஆபத்து வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. நம் மொழியில் வினை கடைசியில் வரும். அதற்கும் பின்னால் ‘னு சொல்றாங்க’, ‘போல’, ‘இல்ல’ என்று ஒட்டிக்கொண்டு வரும். பொறுப்பு முழுவதும் அந்த வாலில்தான்.

ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: “ஆத்துல மணல் அள்ளுனது அவங்கதான்னு ஊர்ல பேசிக்கிறாங்க.” ‘அவங்கதான்’ என்பதோடு வெட்டி மேலே ஆற்றின் ஷாட்டைப் போட்டால் ஊர்ப்பேச்சு நேரடிக் குற்றச்சாட்டாகிவிடும். வழக்கோ அடிதடியோ வந்தால் அந்த ஊரிலேயே குடியிருக்கிற அவர்மேல்தான் வரும். வேவ்ஃபார்மை (ஒலியின் அலை வரைபடத்தை) பெரிதாக்கிப் பாருங்கள். ‘தான்’ முடிந்து ‘னு’ தொடங்குகிற இடத்தில் இடைவெளி கிடையாது, இரண்டும் ஒரே மெய்யில் ஒட்டியிருக்கும். அங்கே வெட்டி 2 ஃப்ரேம் கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி தேய, அடுத்தது எழும் இணைப்பு) போட்டால் காதுக்குச் சுத்தமாகக் கேட்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் பயப்பட வேண்டும்.

இன்னொரு ஓட்டை ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது பேட்டியைக் கேட்டு அடித்த எழுத்துப் பிரதி. தட்டச்சு செய்கிறவர் ‘வந்தாராம்’ என்பதை ‘வந்தார்’ என்று அடித்துவிட்டால், காகிதத்தில் தேர்ந்தெடுக்கிற இயக்குநருக்கு அது கேள்விப்பட்ட செய்தி என்றே தெரியாது. நெல்லைப் பேச்சு ‘சொன்னாவ’ என்றால் அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தமிழாகத் திருத்தினால் தேடும்போதும் கிடைக்காது.

‘வந்து’, ‘என்னன்னா’ போன்ற இழுவைகளை மொத்தமாகத் துடைக்காதீர்கள். மூன்றில் ஒன்றையாவது விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் பேச்சு செய்தி வாசிப்பு போல ஆகிவிடும். மூச்சுச் சத்தத்தை வைத்தால் முழுதாக வையுங்கள், நீக்கினால் முழுதாக நீக்குங்கள். பாதி மூச்சு கேட்டால் வெட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒலிப்பெட்டி:
மேலே சொன்ன வெட்டுகள் எல்லாமே ரூம் டோன் (யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் ஒலி) இருந்தால்தான் நிற்கும். பேட்டி எடுத்த அதே அறையில், ஃபேன் எப்படி ஓடியதோ அப்படியே, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 60 விநாடி பதியச் சொல்லுங்கள். படப்பிடிப்புக்குக் கிளம்பும் முன்னே சொல்லிவிட வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் ஃபேன் சத்தம் நின்று நின்று வரும். ஒலி மிக்ஸிங்குக்கு ஏஏஎஃப் (வெட்டிய ஒலியை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஃபைல்) அனுப்பும்போது ஒவ்வொரு கிளிப்புக்கும் இரு பக்கமும் 2 விநாடியாவது ஹேண்டில் (வெட்டுக்கு வெளியே உள்ள கூடுதல் ஒலி) வையுங்கள்.

வரிக்குவரி:
சப்டைட்டிலிலும் அதே வால் பிரச்சினை உண்டு. ஆங்கிலத்தில் ‘ஊர்ல பேசிக்கிறாங்க’ முதலில் வந்துவிடும், குற்றச்சாட்டு பிறகு வரும். வாக்கியத்தை இரண்டு சப்டைட்டிலாகப் பிரித்திருக்கும்போது இயக்குநர் முன்பாதியைக் குறைத்தால் தமிழில் வால் பத்திரமாக இருக்கும், ஆங்கிலத்தில் போய்விடும். ஆகவே பிக்சர் லாக்குக்கு (இனி வெட்டு எதுவும் மாறாது என்று முடிவான நிலைக்கு) பிறகே சப்டைட்டில் தொடங்குங்கள். வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி என்பது பரவலான வரம்பு. அதற்குள் அடங்காவிட்டால் பெயரடையைக் குறையுங்கள், ‘சொல்கிறார்கள்’ என்பதை எடுக்காதீர்கள்.

வெட்டுமேசை:
வால் வெட்டுப்பட்ட இடங்களைப் பிடிக்க ஒரு நாள் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது. ரஃப் கட் (படத்தின் முதல் தோராய வடிவம்) முடிந்ததும், படத்தில் வேலை செய்யாத, அந்த வட்டாரப் பேச்சு தெரிந்த ஒருவரை உட்காரவையுங்கள். ஒவ்வொரு பேட்டி வெட்டுக்கும் முன்னும் பின்னும் 30 விநாடி மூல ஃபுட்டேஜை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் ‘அவரு அப்படிச் சொல்லலையே’ என்கிற இடத்தையெல்லாம் சிவப்பு மார்க்கரில் குறித்து, பிக்சர் லாக்குக்கு முன்னால் திருத்துங்கள்.