சித்தூர்ப்புழை நீரின் தரம்: பஞ்சாயத்துத் திட்டத்தில் எதை எழுதுவது?

கேள்வி – கோரையாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வசிக்கிறேன். எங்கள் பஞ்சாயத்தின் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் குடிநீர்ப் பகுதியை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பழைய திட்ட நூல்களைப் புரட்டினால் போர்வெல், மேல்நிலைத் தொட்டி, குழாய் ஆகியவற்றுக்கான மதிப்பீடுகள் இருக்கின்றனவே தவிர, அந்தக் குழாயில் வரும் நீர் எப்படிப்பட்டது என்று ஒரு வரிகூட இல்லை.

மாசி பிறந்ததும், தமிழகத்திலிருந்து வந்து பாரதப்புழையில் கலக்கும் எங்கள் சித்தூர்ப்புழையில் ஓட்டம் நின்று, தடுப்பணைகளில் தேங்கிய நீர் பாசி பிடித்து நாறத் தொடங்குகிறது. கிழக்கு வார்டுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிகின்றன. இவை இரண்டும் ஒரே பிரச்சினையா? எங்கே, எப்போது, எதைச் சோதிக்க வேண்டும்? எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நீரைப் பற்றி ஒரு பஞ்சாயத்து என்னதான் திட்டமிட முடியும்?

பதில் 1 – நீர் ஆய்வகத்தில் பணியாற்றியவர்

இரண்டும் வெவ்வேறு, ஐயா. திட்டத்திலும் தனித்தனியாகவே எழுதுங்கள். பற்களில் காணும் கறைக்கு ஃபுளோரைடு காரணமாக இருக்கலாம். அது எவரும் கொட்டிய கழிவன்று. கடினப் பாறையின் இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீர் பாறையிலிருந்து கரைத்துக்கொள்வது. மழைமறைவான உங்கள் பக்கத்தில் நிலத்தடி நீர் எளிதில் புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால் ஆழமாகத் துளையிட்டால் நல்ல நீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை இங்கே பொருந்தாது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5-ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். வீட்டுக்கு வீடு இதைச் சொல்லியாக வேண்டும். அளவு மீறிய போர்வெல்லைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் விலக்கிவிட்டு, குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். குடிக்க, மழைநீர் இறங்கும் திறந்த கிணறுகளைச் சோதித்துத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அவற்றில் உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டையும், மலக் கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவையும் பார்க்காமல் விடாதீர்கள். நைட்ரேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கோலிஃபார்ம் 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

புழையின் கதை வேறு. சாக்கடையும் வயல் உரமும் கலந்து, ஓட்டமும் நின்ற நீரில்தான் பாசி தழைக்கிறது. அங்கே நேரத்தைக் குறிக்காத சோதனை பயனற்றது. பாசி பகலில் ஆக்சிஜனை வெளிவிடுகிறது, இரவில் தானும் உறிஞ்சிக்கொள்கிறது; ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த மாதிரி புழை நலமாக இருப்பதாகக் காட்டும், விடியுமுன் எடுத்ததில்தான் மீன் ஏன் செத்து மிதக்கிறது என்பது தெரியும். வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகு குடிக்கத் தகுந்த ஆற்று நீரில், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3-க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு.

பதில் 2 – ஆனைமலை தோப்புக்காரர்

எல்லையின் இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் பெருகிவிட்ட நார் மில்களில், ஏற்றுமதிக்காகத் தென்னை நார்த்தூளின் உப்பை நீக்க அதை நன்னீரில் பலமுறை அலசுகிறார்கள். அந்த நீரைத் தளம் போடாத குழியில் விட்டால் பக்கத்துக் கிணறு கஷாய நிறத்துக்கு மாறிவிடுகிறது. என் தோப்புக் கிணற்றில் வாளி விட்டால் இன்றும் அந்த நிறம்தான். ஆகவே நீங்கள் பாசியை மட்டும் பார்க்காமல், மின்கடத்து திறனையும் அளந்து வாருங்கள். கருவி கைக்கு அடக்கமானது, விலையும் மிகுதியில்லை. உப்பு ஏறுவதை அது உடனே காட்டிவிடும். எங்கள் தரப்பில் அளக்க ஆள் இருந்தால் அதே நாளில் நாங்களும் அளந்து அனுப்புவோம்.

பதில் 3 – பாரதப்புழை வடிநிலம்

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் பார்வையில் இதுவே முதன்மையானது. பாரதப்புழையின் வடிநிலம் ஏறத்தாழ 6,186 சதுர கிலோமீட்டர். அதில் 1,786 தமிழகத்தில் இருக்கிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி எல்லையிலுள்ள மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) வர வேண்டும். இரு மாநிலமும் ஆண்டுதோறும் வாதிடுவது அந்த அளவைப் பற்றியே. கோடையில் ஓட்டம் பாதியாகக் குறைந்தால், அதே சாக்கடை இருமடங்கு செறிவோடு சித்தூரைக் கடக்கிறது. எனவே அளவையும் தரத்தையும் தனித்தனிக் கோப்புகளில் வைப்பது தவறு. மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதுங்கள். மணக்கடவு, மூலத்தரா ரெகுலேட்டர் (மதகணை), சித்தூர் நகரத்துக்கு மேலும் கீழும், கல்பாத்திப்புழை வந்து சேரும் பறளி ஆகிய ஐந்து இடங்கள் போதும். எல்லையில் என்ன வந்தது, நம் ஊர்களில் என்ன சேர்ந்தது என்பது அப்போது பிரிந்து தெரியும். நம்முடைய பங்கை அறியாமல் தமிழகத்தைக் குறை சொல்லும் மனுவை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கோரையாற்றங்கரை

மிக்க நன்றி. வருகிற கிராம சபையில் ஐந்து இடங்களையும், கிழக்கு வார்டு போர்வெல் அனைத்துக்குமான ஃபுளோரைடு சோதனையையும் முன்வைக்கிறேன். மாதிரியை எங்கள் வீட்டுக் கண்ணாடிப் புட்டிகளில் எடுக்கலாமா?

நீர் ஆய்வகத்தில் பணியாற்றியவர்

ஃபுளோரைடுக்குக் கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசி நிரப்புங்கள். கோலிஃபார்முக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டிதான் வேண்டும். அதை அலசாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்த்துவிடுங்கள். புட்டியின் மேல் இடம், தேதி, மணி மூன்றையும் எழுதுங்கள்.