பழைய மலை பங்களாக்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கன்னேரிமுக்குக்காரன்:
பெத்தகல் பங்களா எங்கள் ஊர்தான். கதை எல்லோருக்கும் தெரியும். 1819, கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன், நீலகிரியின் முதல் பங்களா. இப்போது சிவப்புச் சாயம் அடித்துக் காட்சியகமாக நிற்கிறதே, அதற்கு முன்னால் இடிந்து கிடந்த காலத்தைச் சொல்கிறேன். மழைக்கு ஒதுங்கிய எங்கள் ஆடு உள்ளே போய்விட்டது. டார்ச் அடித்துத் தேடினால், கணப்புக் குழிக்குள் படுத்துக் குட்டி போட்டிருக்கிறது! ஜன்னல் இல்லை, கதவு இல்லை, நாலா பக்கமும் காற்று. அந்த ஒரு மூலையில் மட்டும் காற்று இல்லை. குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். காட்சியகம் ஆனபிறகு போனபோது படங்களை அழகாகத்தான் மாட்டியிருந்தார்கள். எனக்கு என்னவோ அந்தக் குழிதான் கண்ணில் பட்டது.

ஊட்டி ஆர்ட்ஸ் பழைய மாணவி:
அண்ணா, மலைக்கு முதல் பங்களா உங்களுடையது, சரி. ஊட்டிக்கு முதல் பங்களா எங்கள் காலேஜில் இருக்கும் ஸ்டோன் ஹவுஸ். அதையும் சல்லிவன்தான் 1822இல் ஆரம்பித்தார். அட்மிஷனுக்குப் போன அன்று எனக்கு முன்னால் ஒரு தோடர் பழங்குடிப் பாட்டி, பூத்துக்குளி என்கிற அவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பேத்தியோடு நின்றார். அந்த உயரமான வாசலை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னவென்று கேட்டேன். “குனியாமலே உள்ளே போறாங்களே, அப்புறம் வீட்டுக்கு என்ன மரியாதைன்னு கேக்கறாங்க” என்றாள். தோடர் வீட்டு வாசல் மூன்றடி இருந்தால் அதிகம், தவழ்ந்துதான் நுழையணும். அந்த இடத்தை ஏக்கர் ஒரு ரூபாய்க்குத் தோடர்களிடமிருந்துதான் சல்லிவன் வாங்கினார். பாட்டிக்கு அது தெரியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

குன்னூர் மேஸ்திரி:
எங்கே பார்த்தாலும் இந்த ஒரு ரூபாய்க் கதைதானா? தோடர்களுக்கு நிலத்தில் உரிமை உண்டு என்று மெட்ராஸ் சர்க்காரோடு மல்லுக்கட்டியவரும் அதே சல்லிவன்தான் தங்கச்சி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
என் விஷயம் சின்னது. ஒரு பழைய பங்களாவில் பூச்சைச் சுரண்டும்போது அடிப்பூச்சில் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. சின்னக் கை, மணிக்கட்டில் வளையல் தடம். சிற்றாள் பெண் யாரோ ஈரத்தில் கை ஊன்றியிருக்கிறாள். வீட்டுக்காரர் மேலே பூசச் சொன்னார், பூசிவிட்டேன்.
பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் போட்டு வழியை அடைத்தால் ஈரம் உள்பக்கம் வந்து பூச்சு உப்பிக்கொண்டு விழும். பிளாஸ்டிக் பெயிண்டும் அதே வேலையைத்தான் செய்யும், வெள்ளையடித்தால் போதும். ஊட்டிப் பக்கம் ஜூன் மழைக்கு முன்னால் கூரைத் தண்ணீர் போகும் தகரக் கால்வாயில் இலையை அள்ளிவிடுங்கள். கோத்தகிரிக்கு ஐப்பசி மழைதான் பலம், அதனால் புரட்டாசிக்குள் அள்ளினால் சரி. புகைபோக்கியில் குருவிக்கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் கணப்பு மூட்டாதீர்கள். தரைப்பலகைக்குக் கீழே காற்றுப்போக விட்டிருக்கும் ஓட்டையை எலிக்குப் பயந்து அடைக்கிறார்கள், அதுவும் தப்பு, கம்பிவலை அடியுங்கள்.

கொடைக்கானல் டிரைவர்:
நீலகிரியையே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களா கட்டினார்கள். முதலில் சிறுமலைக்குத்தான் போனார்கள், அங்கே காய்ச்சல் விடவில்லை. அப்போது ரோடு ஏது? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலி, நாற்காலிதான். என் கொள்ளுத்தாத்தா டோலி தூக்கியவர். போன சீசனில் என் வண்டியில் வந்த வயதான வெள்ளைக்காரர் தன் குடும்பப் போட்டோ ஒன்றைக் காட்டினார். டோலியில் அவர் பாட்டி உட்கார்ந்திருக்கிறார், தொப்பியின் பூகூடத் தெளிவாகத் தெரிகிறது. தூக்கும் நாலு பேருக்கும் கழுத்துக்குமேல் படம் இல்லை. நான் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாதம் அகலம். “உனக்கு இவர்களைத் தெரியுமா?” என்று கேட்டார். வியூபாயிண்ட் வந்துவிட்டது, இறக்கிவிட்டேன்.

ஊட்டி ஆர்ட்ஸ் பழைய மாணவி:
மேஸ்திரி அண்ணா, உரிமைக்குப் பேசினார், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஊட்டியில் மற்ற வெள்ளைக்காரர்களைவிட அதிக நிலம் வைத்திருந்தவரும் அவரேதான். இரண்டும் அவர்தான். டிரைவர் அண்ணா, அந்தப் போட்டோவை ஃபோனில் எடுத்து வைத்தீர்களா? அப்புறம், எங்கள் வீட்டுப் பூச்சும் உப்புகிறது. சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் கலக்கச் சொல்கிறார்களே, இந்தக் குளிருக்கு அது வேண்டுமா மேஸ்திரி அண்ணா?