டான் குயிக்ஸோட் காற்றாலைப் படம்: பழைய அச்சா, மறுபதிப்பா?

சிம்மக்கல்வாசி:
பழைய புத்தகக் கட்டு ஒன்றில் தனித்தாளாகக் கிடைத்தது. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்தது, செர்வாந்தேஸ் நாவலின் நாயகன் டான் குயிக்ஸோட்டைக் காற்றாலை இறக்கை குதிரையோடு தூக்கியடிக்கும் காட்சி. கீழே டோரே, கட்டையில் செதுக்கிய பிசான் என்று இரண்டு பெயரும் இருக்கின்றன. படம் முதலில் வந்த 1863 அச்சுதானா? சட்டம் போட்டு மாட்டலாமா?

அச்சுமை:
பெயரை வைத்து முடிவு பண்ணாதீங்க. அது அச்சடிக்கிற மரக்கட்டையிலேயே செதுக்கினது, எந்த மறுபதிப்பிலும் வரும். தெற்காவணி மூல வீதி நகைக்கடைகள்ல வச்சிருக்கிற 10 மடங்கு லூப்பால (உருப்பெருக்கிக் கண்ணாடி) வானத்தோட வெளிர் பகுதியைப் பாருங்க. புள்ளிபுள்ளியா இருந்தா ஆஃப்செட்ல அடிச்ச பிற்கால மறுபதிப்பு, அதோட விட்டுடலாம். புள்ளி இல்லைன்னா உடனே பழசுன்னும் சொல்ல முடியாது. போட்டோ எடுத்து லைன் பிளாக் (கோடுகளை மட்டும் மேடாக்கின உலோக அச்சு) போட்டு அடிச்ச மறுபதிப்புலயும் புள்ளி வராது. ஆனா அதுல நெருக்கமான கோடுகள் ஒட்டி அப்பிக்கும், மெல்லிசு கோடு நடுவுல அறுந்து நிக்கும். நல்ல பழைய அச்சுன்னா கரிய நிழலுக்குள்ளயும் வெள்ளைக் கீறல் தனித்தனியாத் தெரியும்.

கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கை இருட்டுல காட்டுங்க. தாள் நீலவெள்ளையாப் பளிச்சுன்னு மின்னினா 1950க்கு அப்புறம் செஞ்ச தாள். மின்னலைன்னா அது மட்டும் சான்று ஆகாது.

ஈயஎழுத்து:
படத்தின் கீழுள்ள வாசகம் எந்த மொழி? பாரிஸில் அஷெத் பதிப்பகம் 1863இல் போட்டது பிரெஞ்சு. ஆங்கிலம் என்றால் லண்டன் காசெல் பதிப்பகத்தின் பதிப்பாக இருக்கலாம். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் தேட வேண்டாம். அது செம்புத் தகட்டு அச்சுக்கு உரியது, மத்ரித் அச்சகர் இபார்ரா 1780இல் போட்ட டான் குயிக்ஸோட் பதிப்பில் வருவது. டோரே படங்கள் பாக்ஸ்வுட் என்ற கடின மரக்கட்டையின் குறுக்குவெட்டில் மேடாகச் செதுக்கியவை. கட்டை ஈய எழுத்தின் உயரம் என்பதால்தான் சின்னப் படங்கள் பத்திக்கு நடுவிலேயே வருகின்றன. குறுக்கே முடி போல நேரான வெள்ளைக்கோடு தெரிந்தால் கிழிசல் என்று பயப்படாதீர்கள். பாக்ஸ்வுட் ஒல்லி மரம்; துண்டுகளை முடுக்கிச் சேர்த்த இணைப்பு அது.

சிம்மக்கல்வாசி:
வாசகம் ஆங்கிலம். புள்ளி இல்லை, விளக்கில் மின்னவும் இல்லை.

அச்சுமை:
அப்ப நிழல் பகுதியை நிதானமாப் பாருங்க, இனி அதுதான் தீர்ப்பு. மாட்டுறதா இருந்தா ஹார்டுபோர்டு முதுகு வேண்டாம், அதோட அமிலம் தாள்ல பழுப்பா இறங்கும். அமிலமில்லாத பருத்தி மவுண்ட் அட்டை கேளுங்க. கண்ணாடி படத்தைத் தொடாம 3 மி.மீ. இடைவெளி வேணும், ஐப்பசி மழை ஈரத்துல தொட்ட இடம் ஒட்டிக்கும். மேற்கு வெயில் விழற சுவர் ஆகாது. மைதாப் பசை தடவினா ராமபாணப் பூச்சிக்கு விருந்துதான். மூலைக்கு காகித முக்கோணம் போதும். லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, திரும்ப எடுக்கவே முடியாது.